அட்வான்ஸா, பதிவா? சிறு வீட்டுக்காரருக்கு 2017 வாடகைச் சட்டம் தரும் காவல்

வீட்டை வாடகைக்கு விடுகிறவர் என்றதும் பழைய சினிமாவில் வரும் கறார் வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். நடப்பில் நம் தெருக்களில் இருப்பவர்கள் வேறு மாதிரி. ஓய்வூதியப் பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தவர், வெளிநாட்டில் உழைத்து ஆவடிப் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டவர், கணவர் காலமான பின் கீழ்வீட்டு வாடகையில் குடும்பத்தை ஓட்டும் அம்மா. வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லாத இவர்களுக்குச் சட்டம் சொல்லித் தருகிறவர்கள் புரோக்கரும் பத்திர எழுத்தரும் பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

அந்த அறிவுரைகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே. ஒப்பந்தத்தை 11 மாதத்துக்கு மேல் எழுதாதே. அட்வான்ஸைப் பெரிதாக, ரொக்கமாக வாங்கு. ஒரே குடித்தனக்காரரை அதிக வருஷம் வைத்திருக்காதே, 12 வருஷம் ஆனால் வீடு கைவிட்டுப் போகும். காலி செய்ய மறுத்தால் தண்ணீரை நிறுத்து. இவை சட்டப்படி நிற்குமா என்பது முதல் கேள்வி. இவற்றுக்கு மாற்றாக அரசு கொண்டுவந்த சட்டம் நம்பத் தகுந்ததா என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். புதிய சட்டத்தின் பலவீனம்தான் பழைய அறிவுரைகளை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது.

அந்த அறிவுரைகள் பிறந்த காலத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. போர்க்காலத்தில் வீடு கிடைக்காமல் மக்கள் தவித்தபோது, 1941இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1946இலும் 1949இலும் அது சட்டமாக எழுதப்பட்டு, 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. குடியிருப்புக்கு நியாய வாடகை என்பது கட்டடத்தின் தேய்மானம் போக மதிப்பும் நிலத்தின் மதிப்பும் சேர்ந்த தொகையில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்று அது கணக்குக் கொடுத்தது. வாடகை பாக்கி என்றால் அது வேண்டுமென்றே வைத்த பாக்கி என்று மெய்ப்பிக்க வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கு வேண்டும் என்றால் அந்தத் தேவை உண்மையானது என்று மெய்ப்பிக்க வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தொடங்கும் வழக்கு மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போய், அங்கிருந்து சீராய்வு மனுவாக உயர் நீதிமன்றத்துக்கும் போகும். மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு இருந்தது. ரத்தன் ஆர்யா வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்தத் தீர்ப்பு வாடகைதாரருக்குச் செய்தது நியாயமே. ஆனால் அதன் பிறகு சிறிய வீட்டுக்காரரும் பெரிய கட்டட முதலாளியும் ஒரே நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. முதலாளிக்கு அது வழக்குச் செலவு. ஒரே ஒரு போர்ஷன் வைத்திருந்தவருக்கு அது வாழ்நாள். 11 மாதப் பத்திரமும் பத்து மாத அட்வான்ஸும் அந்தப் பயத்தில் முளைத்தவை.

2019 பிப்ரவரி 22இல் அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில்தான் ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே இந்தப் பாதையில் இறங்கிவிட்டது.

புதிய சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வாடகை எவ்வளவு என்பதை இருவரும் பேசி முடிவுசெய்யலாம், அரசு தலையிடாது. அதற்கு ஈடாக ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரே அந்த அதிகாரி. வழக்குக்கு வாடகை நீதிமன்றம், மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயம். இரண்டு மாத வாடகை பாக்கி, கேட்டு நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் வரவில்லை என்றால், வீட்டைத் திரும்பக் கேட்க அதுவே போதும். வேண்டுமென்றே வைத்த பாக்கியா என்று நெஞ்சைப் பிளந்து காட்டச் சொல்லும் வழக்கம் போயிற்று. நோட்டீஸுக்குப் பின் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்குப் பாதுகாப்பும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் கூடுதல் வாடகை தர வேண்டும். எந்தப் பழுதை யார் பார்ப்பது என்று அட்டவணையே இருக்கிறது: வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின்கம்பி மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு; குழாய் வாஷர், சுவிட்ச், அடைத்துக்கொண்ட சாக்கடை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்குள் வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். காகிதத்தில் பார்த்தால் சிறு வீட்டுக்காரர் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

இனி அந்த அறிவுரைகளை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

பன்னிரண்டு வருஷப் பயம் சட்டத்தில் இடமில்லாத பயம். 12 ஆண்டு என்பது காலவரையறைச் சட்டத்தில் எதிரிடை அனுபவத்துக்குச் சொல்லப்பட்ட காலம். உரிமையாளரை மறுத்து, அவர் அறியும்படி வெளிப்படையாக, தனக்கே சொந்தம் என்று ஒருவர் இடத்தை வைத்திருந்தால்தான் அது ஓடத் தொடங்கும். வாடகைக்கு வந்தவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். குடியிருந்துகொண்டே உரிமையாளரின் உரிமையை மறுத்துப் பேசச் சாட்சியச் சட்டம் அவரை விடாது. முப்பது ஆண்டு குடியிருந்தாலும் அவர் வாடகைதாரரே. இந்தப் பொய்யான பயத்தால் ஒழுங்காக வாடகை கொடுத்து வீட்டைத் தம் வீடுபோல் பார்த்துக்கொண்ட எத்தனையோ குடும்பங்களைக் கிளப்பியிருக்கிறார்கள். பெயர்ந்தவர்களுக்கும் இழப்பு, கிளப்பியவருக்கும் இழப்பு. உண்மையில் பயப்பட வேண்டியது, வாடகைக்கு விட்டதற்கு எந்தச் சான்றும் கையில் இல்லாத நிலைக்குத்தான். ரசீதும் ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழும் தொகையும் இருந்தால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை.

அடுத்தது 11 மாதப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதனால் பெரிய தீங்கு இல்லை, ஏனென்றால் அங்கே ஒப்பந்தத்துக்கே பெரிய மதிப்பு இல்லை. இன்று நிலைமை தலைகீழ். சார்பதிவாளரிடம் செய்யும் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. 11 மாதம் என்று எழுதினால் முதலாவது வேண்டாம். இரண்டாவது எத்தனை மாதமானாலும் வேண்டும். அப்படிப் பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று 4ஏ பிரிவு சொல்கிறது. 20 ரூபாய்த் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்த பத்திரம், நீதிமன்றப் படியேறும் நாளில் வாயடைத்துப் போகிறது. அதோடு முத்திரைத் தீர்வைக் குறைபாடும் உண்டு. குறைவான தாளில் எழுதிய ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டினால், விட்ட தீர்வையோடு அதன் பத்து மடங்கு அபராதமும் கட்டிய பிறகே அதைப் பார்ப்பார்கள்.

மிச்சம் பிடிக்கிற தொகையும் பெரிதல்ல. மாதம் 15,000 ரூபாய் வாடகை, மூன்று மாத அட்வான்ஸ், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,05,000 ரூபாய். முப்பது ஆண்டுக்கு உட்பட்ட குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 8,100 ரூபாய். பாதி வாடகைக்குச் சற்று அதிகம். இதை இருவரும் பகிர்ந்துகொண்டால், இரண்டு ஆண்டுக்குக் குடியிருப்பவருக்கு நிம்மதி, வீட்டுக்காரருக்கு நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஆவணம். 11 மாதப் பத்திரத்தின் இன்னொரு கேட்டை யாரும் சொல்வதில்லை: அதைப் புதுப்பிக்க மறந்துபோகிறார்கள். முதல் பத்திரம் காலாவதியாகி ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் தகராறு வருகிறது, அப்போது கையில் இருப்பது பழைய வாடகை எழுதிய செத்த தாள்.

பெரிய அட்வான்ஸ் பற்றிய அறிவுரை இதைவிட வலுவானது, எனவே அதை இன்னும் கவனமாக எடைபோட வேண்டும். குடியிருப்பவர் ஆறு மாதம் வாடகை தராமல் இழுத்தாலும் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். வழக்குப் போட வசதியில்லாதவருக்கு அதுதானே காவல் என்று கேட்கிறார்கள். வழக்கு இழுத்தடித்த காலத்தில் இது சரியான வாதம். ஆனால் அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாடி கட்டிய கடனுக்கோ மகள் கல்யாணத்துக்கோ போயிருக்கும். ஒருவர் காலி செய்யும்போது அடுத்து வருகிறவரின் அட்வான்ஸை வாங்கித்தான் முன்னவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அடுத்தவர் வர இரண்டு மாதம் தாமதமானால், அதுவரை நல்லவராக இருந்த வீட்டுக்காரர் கடன்காரர் ஆகிறார். கொடுக்க முடியாததால் சுவரில் ஆணி, தரையில் கீறல் என்று கழிக்கத் தொடங்குகிறார். வீட்டுக்காரர், குடித்தனக்காரர் மனக்கசப்பில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. காவல் என்று வாங்கிய பணம், திருப்பித் தர வேண்டிய கடனாகத்தான் அவர் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் இங்கே தடுமாறியிருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் மாறாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்று அதே வரியில் கதவைத் திறந்து விடுகிறது. வீடு தேடி அலைகிற குடும்பம் எதற்குத்தான் ஒப்புக்கொள்ளாது? ஒன்றிய அரசின் மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று தயக்கமில்லாமல் வரம்பு கட்டியது. தமிழ்நாட்டுச் சட்டம் வழக்கத்தைத் திருத்தும் வாய்ப்பைக் கைவிட்டுவிட்டது. சிறு வீட்டுக்காரர் சட்டம் விட்ட சலுகையைப் பயன்படுத்தாமல் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்வதே அவருக்கு நல்லது. அந்த மூன்று மாதத்தையும் தனிக் கணக்கில் தொடாமல் வைக்க வேண்டும்.

லீஸ் என்று ஊரில் சொல்கிற ஏற்பாடும் இந்த வரிசையில் வருகிறது. ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடிவைத்து, போகும்போது முழுத் தொகையையும் திருப்பித் தருவது. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மாதம் 8,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை 6 லட்சம் லீஸுக்கு விட்டால், அந்தத் தொகையை வங்கியில் 7 விழுக்காட்டில் போட்டாலும் மாதம் 3,500 ரூபாய்தான். 4,500 ரூபாய் கைநஷ்டம். அதே 6 லட்சத்தை நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வெளியில் வாங்கிய கடனை அடைக்கப் பயன்படுத்தினால், மாதம் 9,000 ரூபாய் வட்டி நிற்கிறது. 1,000 ரூபாய் லாபம். ஆக, கழுத்தை நெரிக்கும் கடன் உள்ளவருக்கு மட்டுமே லீஸ் பொருந்தும். அவருக்கும் ஒருமுறைதான். திருப்பித் தர வேண்டிய 6 லட்சம் அப்படியே காத்திருக்கிறது.

சட்டப்படி இது இன்னும் வழுக்கலான நிலம். வட்டிக்குப் பதிலாக அனுபவம் என்று எழுதினால் அது குத்தகை இல்லை, போக்கியம். சொத்து மாற்றுச் சட்டம் அதை அடமானத்தில் ஒருவகை என்கிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்டால் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. பத்திர எழுத்தர்கள் 11 மாதத் தாளில் எழுதிக் கொடுப்பது இதிலும் சேராது, அதிலும் சேராது. வீட்டுக்கடன் உள்ள வீட்டை வங்கி அறியாமல் லீஸுக்கு விடுவது அதைவிடக் கேடு. கடன் தவணை தவறி வங்கி வீட்டைக் கையகப்படுத்த வந்தால், மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் குடும்பம் தெருவில் நிற்கும். தொகையை ரொக்கமாக வாங்குவதும் கூடாது. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனையோ வைப்புத்தொகையையோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற அளவுக்கே தண்டம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

தண்ணீரை நிறுத்துவது, மின் இணைப்பைப் பிடுங்குவது பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. புதிய சட்டம் இருவரையும் அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் குழாயை மூடுகிறவருக்கு எந்தப் பாக்கியும் நியாயமாகாது. வழக்கிலும் அவர் கட்சி அந்த நாளிலேயே பலவீனமாகிவிடுகிறது.

ஆக, பழைய அறிவுரைகளில் ஏறக்குறைய ஒன்றும் தேறவில்லை. அப்படியானால் ஏன் அவை சாகவில்லை? இங்கேதான் சட்டத்தை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பதிவைச் சட்டம் வாழ்வா சாவா என்கிற நிபந்தனையாக வைத்தது. ஆனால் பதிவு செய்யச் சொல்லித் தெருவுக்கு யாரும் வரவில்லை. வாக்காளர் பட்டியலுக்கும் சொத்து வரிக்கும் வீடு வீடாக வருகிற அரசு, இதற்கு ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்ததோடு நின்றுகொண்டது. 2022இல் சென்னையின் மையப் பகுதியில் குடியிருப்புச் சொத்து வரியை வீட்டின் பரப்பைப் பொறுத்து 50 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியபோது, அந்தச் செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் தவறாமல் போய்ச் சேர்ந்தது. வாடகைப் பதிவு பற்றிய செய்தி அப்படிப் போகவில்லை. இதன் விளைவு தலைகீழானது. கணினியும் வக்கீலும் வைத்திருக்கும் பெரிய உரிமையாளர் பதிந்துவிடுகிறார். கீழ்வீட்டு வாடகையில் வாழும் அம்மா பதியாமல் விடுகிறார். 4ஏ பிரிவின் அடி அவர் மேல்தான் விழுகிறது.

பழைய வாடகைகளைப் பற்றிய விதியும் தெளிவில்லாதது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் முன்பே இருந்த வாடகைகளுக்கும் ஒப்பந்தம் எழுத வேண்டும், எழுதத் தவறினால் அதுவே வீட்டைத் திரும்பப் பெறக் காரணம் என்கிறது 21ஆம் பிரிவு. சொற்ப வாடகையில் பல ஆண்டுகளாக இருந்துகொண்டு கையெழுத்துப் போட மறுக்கிறவரிடம் இது சிறு வீட்டுக்காரருக்கு நல்ல ஆயுதம். ஆனால் தாங்க முடியாத வாடகையைக் கேட்டு, அதற்கு ஒப்பவில்லை என்று சொல்லி ஏழைக் குடும்பத்தை வெளியேற்றவும் அதே வரி உதவும். யாருடைய பிடிவாதத்தால் ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்பதைச் சட்டத்தின் சொற்கள் விசாரிக்கவே இல்லை. இந்தப் பிரிவு சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதில் வியப்பில்லை. விரைவாக முடிக்கக் கொண்டுவந்த சட்டம் தன் சொந்த வரிகளுக்குப் பொருள் காண்பதிலேயே காலத்தைச் செலவழித்தது.

இன்னொரு மௌனமும் உண்டு. சாதியைக் கேட்டு, மதத்தைக் கேட்டு, தனியாக வாழும் பெண் என்பதால் வீடு மறுப்பதைப் பற்றி இந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. உரிமைகளும் பொறுப்புகளும் என்று பெயர் வைத்துக்கொண்ட சட்டத்துக்கு இது பெரிய குறை.

முதலீடாகப் பார்க்கிறவர்களுக்கு வேறு கணக்கு வேண்டும். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் 16,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,92,000. சொத்து வரி, பழுது, இரண்டு குடித்தனங்களுக்கு இடையே காலியாகக் கிடக்கும் மாதம் ஆகியவை போக 1,60,000 மிஞ்சினால் நல்லது. அது 2.7 விழுக்காடு. சாதாரண வங்கி வைப்பே இதைப்போல் இரு மடங்குக்கு மேல் தரும். கடன் வாங்கி வாங்கியிருந்தால் வாடகை வட்டிக்கே போதாது. சொந்த மனையில் மேலே ஒரு போர்ஷன் எடுப்பது வேறு. 600 சதுர அடிக்குச் சதுர அடி 2,200 ரூபாய் என்று 13,20,000 செலவழித்து மாதம் 9,000 வாடகை வந்தால் 8 விழுக்காட்டுக்கு மேல். நிலம் ஏற்கனவே கையில் இருப்பதுதான் இந்த வேறுபாட்டின் காரணம். வாடகையை நம்பி இரண்டாவது ஃபிளாட் வாங்காதீர்கள், மாடி எடுக்க இடமிருந்தால் எடுங்கள் என்பதே என் முடிவு. விலை ஏறும் என்று வாங்குகிறவர், தாம் வாங்குவது வாடகை வருமானத்தை அல்ல, நிலவிலை மேல் வைத்த நம்பிக்கையை என்று தெளிந்தே வாங்க வேண்டும். வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் ஒன்றைக் கூடுதலாக அறிய வேண்டும்: உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறிதானாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இதை இருவருமே பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. நோட்டீஸ் வரும்போது அது குடியிருப்பவர் பெயருக்கு வருகிறது.

எல்லாவற்றையும் எடைபோட்டால், 2017 சட்டம் தான் அகற்றிய சட்டத்தைவிட நல்லது. சிறு வீட்டுக்காரருக்கு அது தரும் காவல் உண்மையானது. ஆனால் அது பதிந்தவருக்கு மட்டுமே கிடைக்கிற காவல். இன்று வாடகைக்கு விடுகிறவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் எழுதி, சரியான தீர்வை கட்டி, இரு இடத்திலும் பதிந்து, மூன்று மாதத்துக்கு மேல் வாங்காமல், வாடகையை வங்கி வழியே பெற வேண்டும். குடிவரும் நாளில் மீட்டர் அளவையும் சுவர்களையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளலாம்.

அரசின் பங்கில் மூன்று திருத்தங்கள் பாக்கி. வாடகைப் பதிவு இ-சேவை மையத்தில் ஆதார் திருத்துவது போல் ஒரே வருகையில் முடிய வேண்டும். 4ஏ பிரிவு, தாமதக் கட்டணம் செலுத்தி வழக்கின் நடுவிலும் பதிந்துகொள்ளச் சிறு வாடகைகளுக்கு இடம் தர வேண்டும். அட்வான்ஸ் வரம்பில் மாறாக ஒப்புக்கொண்டால் தவிர என்ற சொற்களை எடுத்துவிட வேண்டும்.